ஆக்‌ஷன் ஹூக்கும் கோவை வாடிக்கையாளரும்

நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் ஓர் இணையத்தளத்தின் பக்கங்களை எழுதவும் திருத்தவும் படம் சேர்க்கவும் இடம் தரும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். ஜூம்லா, துரூபல், வேர்ட்பிரஸ் ஆகிய மூன்றும் இவ்வகையில் பெயர் பெற்றவை. அவற்றுள் கோயம்புத்தூரின் சிறு இணையத்தள நிறுவனங்களுக்கு நெடுங்காலம் சோறு போட்டது வேர்ட்பிரஸ்தான். அது இலவசமாகக் கிடைத்தது என்பது அதற்கு ஒரு காரணமே தவிர, முதற்காரணம் அன்று. கொங்கு நாட்டுத் தொழில்களில் ஒன்று மற்றொன்றைப் போல் கணக்கு வைப்பதில்லை, ஒருவர் சரக்கு காட்டும் முறை இன்னொருவருக்கு ஒத்துவருவதில்லை. அத்தனை பேருக்கும் ஒரே மென்பொருளைக் கொடுத்து, அவரவர் வழக்கத்துக்கு ஏற்ப அதை வளைத்தும் கொடுக்க முடிந்ததற்கு அம்மென்பொருளின் உள்ளே ஆங்காங்கே விடப்பட்டிருந்த ‘ஹூக்’ எனப்படும் இணைப்பிடங்களே முதற்காரணம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

ஒருவர் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதும் வேர்ட்பிரஸ் பக்கத்தை ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிடுவதில்லை. அமைப்புகளைப் படிப்பது, பிளகின் எனப்படும் செருகுநிரல்களை ஏற்றுவது, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ‘தீம்’ என்பதை ஏற்றுவது, தரவுத்தளத்திலிருந்து கட்டுரையை எடுப்பது, தலைப்பகுதியை எழுதுவது, உடலை எழுதுவது, அடிப்பகுதியை எழுதுவது என வரிசையாகப் பல கட்டங்களை அது கடக்கிறது. இக்கட்டங்களுள் பலவற்றில், ‘இவ்விடத்தில் செய்ய வேண்டிய வேலை எவரேனும் பதிந்து வைத்திருக்கிறார்களா’ என்று ஒருமுறை பார்த்து, இருந்தால் அதைச் செய்துவிட்டு, இல்லையேல் பேசாமல் மேலே செல்லும். அவ்வாறு பார்க்கும் இடமே ஆக்‌ஷன் ஹூக். மென்பொருளின் பக்கத்திலிருந்து அவ்விடத்தை அறிவிக்கும் கட்டளை ‘டூ ஆக்‌ஷன்’. வெளியிலிருந்து ஒரு வேலையை அவ்விடத்தில் பதியும் கட்டளை ‘ஆட் ஆக்‌ஷன்’. பதிந்ததை நீக்கும் கட்டளை ‘ரிமூவ் ஆக்‌ஷன்’. தலைப்பகுதியின் முடிவில் ‘டபிள்யூபி ஹெட்’, அடிப்பகுதியில் ‘டபிள்யூபி ஃபுட்டர்’, மென்பொருள் முழுதும் ஏறி வேலைக்கு ஆயத்தமானதும் ‘இனிட்’, ஒரு பதிவு தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டதும் ‘சேவ் போஸ்ட்’ என்று இவ்விடங்களுக்குப் பெயர்கள் உண்டு.

ஹூக்குகளில் ஆக்‌ஷன், ஃபில்டர் என இரு வகை இருப்பதும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் புதிதாகத் தொழிலுக்கு வருபவரை எப்போதும் குழப்புவன. கோவையில் அதை விளக்கத் திருப்பூரை அழைப்பதே எளிது. பனியன் துணி நிட்டிங் முடிந்து, சலவைக்கும் சாயத்துக்கும் காம்பாக்டிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் ஒவ்வோர் இடமாக ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்புகிறது. சாயப்பட்டறைக்குப் போன துணி சாயமேறித் திரும்பி வந்தாக வேண்டும், வராவிட்டால் அடுத்த கட்டத்துக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. ஃபில்டர் என்பது அத்தகைய ஜாப் ஒர்க்: கட்டுரையின் உரையையோ தலைப்பையோ விலையையோ கையில் வாங்கி, மாற்றி, திருப்பித் தந்தாக வேண்டும், ‘ரிட்டர்ன்’ என்ற ஒரு சொல்லை எழுத மறந்தால் பக்கத்தில் கட்டுரை இருந்த இடம் வெறுமையாகிவிடும். ஆக்‌ஷன் அப்படியன்று, லாரி புறப்படும்போது கேட்டில் இருப்பவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதைப் போல, அக்கட்டத்தில் ஒரு வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. சாயத்துக்கு முன் சலவை என்ற முறை மாறினால் துணி கெடுவதைப் போல ஹூக்கிலும் வரிசை முக்கியம் என்பதால் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. எண் குறிப்பிடாவிட்டால் அது 10. சிறிய எண் முதலில் ஓடும், பெரிய எண் பின்னர் ஓடும், எண் ஒன்றாக இருப்பின் முதலில் பதிந்தது முந்தும்.

மூலநிரலைத் தொடாமல் வெளியிலிருந்து வேலையை மாட்டும் இக்கருத்து வேர்ட்பிரஸ் கண்டுபிடித்ததன்று. ஈமேக்ஸ் என்னும் பழைய உரைத்தொகுப்பி அதைப் பல்லாண்டுகளுக்கு முன்னரே கொண்டிருந்தது, துரூபலும் தனக்கேயுரிய பெயரிடும் முறையில் அதைக் கையாண்டது. மிஷேல் வால்ட்ரிகி எழுதிய ‘பி2’ என்ற மென்பொருளைக் கிளைத்தெடுத்து மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதத்தில் வெளியிட்ட வேர்ட்பிரஸ்ஸில் முதலாண்டில் பிளகின் அமைப்பு இல்லை; 2004 மே மாதத்தில் வந்த 1.2 பதிப்பில்தான் அது சேர்ந்தது, 2005 தொடக்கத்தில் வந்த 1.5 பதிப்பில் தீம் சேர்ந்தது. வேர்ட்பிரஸ்ஸை நிறுவியவுடன் கூடவே வரும் ‘ஹலோ டாலி’ என்ற சிறு பிளகினைப் பலர் என்னவென்றே பாராமல் நீக்கிவிடுவர். நிர்வாகப் பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு பாடல் வரியைக் காட்டுவதைத் தவிர அதற்கு வேலை இல்லைதான். ஆயினும் அதன் கோப்பைத் திறந்து படித்தால் ஆக்‌ஷன் ஹூக்கைப் பற்றித் தொடக்கத்தில் அறிய வேண்டிய பெரும்பகுதியும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். கோவையில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அதை அச்செடுத்துக் கொடுத்து வரிக்கு வரி படிக்கச் சொன்ன வழக்கம் சில அலுவலகங்களில் இருந்தது. தடித்த பாடநூல்களைக் காட்டிலும் அது பயன்பட்டது.

2010 ஜூன் மாதம் கோவையின் நினைவில் வேறொரு காரணத்துக்காக நிற்பது. அம்மாதம் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கொடிசியா வளாகத்தில் நடந்தது, உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு தன் தரமாக ஏற்றதும் அப்போதுதான். அதுவரை திஸ்கி, டேப், பாமினி என எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றமாகச் சிதறிக் கிடந்த தமிழ்த் தளங்கள் ஒருங்குறிக்கு மாறும் வேகம் அதன்பின் கூடியது. மாநாட்டுக்குச் சில நாட்களுக்கு முன், ஜூன் 17 அன்று, வேர்ட்பிரஸ் 3.0 வெளியாகியிருந்தது என்பதை அன்று நகரில் கவனித்தவர்கள் மிகச் சிலரே. கட்டுரை, பக்கம் என்ற இரண்டோடு நில்லாமல் ‘பம்ப்’, ‘கிரைண்டர்’, ‘பெட்ஷீட் டிசைன்’ எனத் தமக்கு வேண்டிய உள்ளடக்க வகையைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் வசதி அப்பதிப்பில் முழுமை பெற்றது. அதை உண்டாக்கும் கட்டளையை ‘இனிட்’ ஹூக்கில்தான் பதிய வேண்டும். அவ்வாண்டே பீளமேட்டில் டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது. ஆனால் இங்கு பேசப்படும் தொழில் டைடலில் நடந்ததன்று. காந்திபுரத்தில் கடைகளின் மாடியிலும், ஹோப் காலேஜ் பக்கத்துச் சந்துகளிலும், இன்வெர்ட்டர் பேட்டரியைப் படிக்கட்டடியில் வைத்த இரண்டு அறை அலுவலகங்களில் நடந்தது.

அத்தொழிலின் முற்காலப் பழக்கம், வேண்டிய மாற்றத்தை மூலக் கோப்பிலேயே செய்துவிடுவது. ஃபைல்சில்லாவில் சர்வரைத் திறந்து, கோப்பை இறக்கி, வரியை மாற்றி, மீண்டும் ஏற்றிவிட்டால் வாடிக்கையாளர் கேட்டது கிடைத்துவிடும். அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அதில் குறையொன்றும் தெரியாது. புதுப்பிப்பதும் கையால் கோப்புகளை ஏற்றிச் செய்யும் வேலையாக இருந்த நாட்களில், செய்பவர் நிரலராகவே இருந்தமையால், தாம் மாற்றிய கோப்பை மட்டும் ஒதுக்கிவைத்துச் சமாளித்தார். 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பு அந்நிலையை மாற்றியது. அதன்பின் நிர்வாகப் பக்கத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தி மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றானது. அந்தப் பொத்தானை அழுத்துபவர் கம்பெனி முதலாளியாகவோ, அவர் மகனாகவோ, கணக்கெழுதும் பெண்ணாகவோ இருக்கலாம். மூலக் கோப்பில் செய்த மாற்றங்கள் எல்லாம் ஒரு பொத்தானில் அழிந்தன. 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பில் சிறு புதுப்பிப்புகள் எவரும் அழுத்தாமலே தாமாக நடக்கத் தொடங்கின. ஹூக்கைப் பயன்படுத்துவது நல்லொழுக்கம் என்று நூல்கள் எழுதிக்கொண்டிருந்தன. கோவையில் அது ஒழுக்கமாக வேரூன்றியது நூல்களால் அன்று, வாடிக்கையாளர் கையில் அந்தப் பொத்தான் போனதால்தான்.

நகரின் பம்ப் தொழிலிலிருந்து வந்த கோரிக்கைகளே இதில் நல்ல பாடங்களாக அமைந்தன. பம்ப் செட்டின் விலை பட்டியலில் ஒன்று, டீலருக்கு ஒன்று, மொத்தமாக எடுப்பவருக்கு வேறொன்று. எனவே விலையை இணையத்தில் போடுவதைத் தயாரிப்பாளர் எவரும் விரும்புவதில்லை. 2011இல் வெளிவந்து பரவிய வூகாமர்ஸ் என்னும் விற்பனைப் பிளகினோ விலையைக் காட்டுவதையே தன் பிறவிப் பயனாகக் கொண்டது. “தம்பி, எச்.பி.யும் ஹெட்டும் பெருசாத் தெரியோணும், வெலை மட்டும் தெரியக் கூடாதுங்க” என்பது கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கமாகக் கேட்ட பேச்சு. வூகாமர்ஸின் பொருள் பக்கத்தில் ‘சிங்கிள் புராடக்ட் சம்மரி’ என்ற ஒரே ஹூக்கில் பல துண்டுகள் முன்னுரிமை எண்ணோடு தொங்குகின்றன: 5இல் பொருளின் பெயர், 10இல் விலை, 20இல் சிறு விளக்கம், 30இல் ‘கூடையில் சேர்’ பொத்தான், 40இல் பிரிவு முதலான விவரங்கள். 10இல் இருக்கும் விலையை ரிமூவ் ஆக்‌ஷனால் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் குதிரைத்திறன், தண்ணீர் ஏற்றும் உயரமாகிய ஹெட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற அளவு ஆகியவற்றைக் காட்டும் ஒரு சிறு அட்டவணையை மாட்டலாம்; 30இல் இருக்கும் பொத்தானைக் கழற்றி ‘விலை விசாரிக்க’ என்ற பொத்தானை வைக்கலாம். வூகாமர்ஸின் ஒரு கோப்பும் தொடப்படுவதில்லை. அது எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் இந்த அமைப்பு அப்படியே நிற்கும்.

கழற்றுவதில் உள்ள நுட்பம் மாட்டுவதில் இல்லை என்பதை இத்தொழிலில் இருந்தோர் எல்லோரும் ஒப்புவர். எந்த எண்ணில் மாட்டப்பட்டதோ அதே எண்ணைச் சொல்லித்தான் கழற்ற வேண்டும். எண் மாறினால் மென்பொருள் பிழை என்று சொல்லாது, கழற்றவும் கழற்றாது. வூகாமர்ஸ் தன் துண்டுகளை மாட்டி முடிப்பதற்கு முன்னரே ‘கழற்று’ என்று சொன்னாலும் அங்கு கழற்ற ஒன்றுமில்லாமையால் கட்டளை வீணாகிவிடும், பின்னர் விலை தன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். ஆகவே கழற்றும் கட்டளையையே இன்னொரு ஹூக்கில், அதாவது எல்லாம் ஏறி முடிந்த ‘இனிட்’ போன்ற ஒன்றில் மாட்டுவது வழக்கம். நிரலில் எங்கும் பிழைச்செய்தி இல்லாமல் விலை மட்டும் திரையில் நின்றுகொண்டிருக்கும் பக்கத்தின் முன்னால் இளைஞர்கள் இரவு முழுக்க உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருந்தது.

மஞ்சள் விலைத் தளத்தில் நேர்ந்த சிக்கல் வேறு வகைப்பட்டது. ஈரோட்டுப் பகுதியில் மஞ்சள் ஏலம் ஒரே இடத்தில் நடப்பதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் தனியார் மண்டிகள் கூடும் வளாகத்திலும் தனித்தனியே நடக்கிறது. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை, இரண்டிலும் குறைந்தது, கூடியது என்று நான்கு எண்கள் ஒவ்வோர் இடத்திலிருந்தும் குவிண்டால் கணக்கில் வரும். ஏலம் முடிந்ததும் எண்களைத் தளத்தில் பதிந்து, பதிந்தவுடன் விவசாயிகளின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பது ஒரு வியாபாரியின் விருப்பம். பதிவு சேமிக்கப்பட்டதும் ஓடும் ‘சேவ் போஸ்ட்’ ஹூக்கில் குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை மாட்டினால் முடிந்தது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஹூக் ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஓடுவதன்று. எழுதிக்கொண்டிருப்பது அழியாதிருக்க வேர்ட்பிரஸ் இடையிடையே தானாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஓடும். திருத்தத்தின் பழைய வடிவத்தைத் தனிப்படியாக எடுத்துவைக்கும்போதும் ஓடும். வெளியிட்ட பின் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலும் ஓடும். விளைவு, ஒரே மஞ்சள் விலை ஒரே விவசாயிக்கு மீண்டும் மீண்டும் போய்ச் சேரும், ஒவ்வொன்றுக்கும் வியாபாரியின் கணக்கில் காசு குறையும்.

தானாகச் சேமிப்பதை நிறுத்திவிடலாமே என்ற யோசனை அன்றைய கொங்கு நாட்டில் எடுபட்டிருக்காது. 2012ஐ ஒட்டிய காலத்தில் மின்வெட்டு நாளின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது; பாதி எண்களைத் தட்டியிருக்கும்போது கரண்ட் போனால், 60 நொடிக்கு ஒருமுறை நடக்கும் அந்தத் தானியங்கிச் சேமிப்புதான் வேலையைக் காப்பாற்றியது. எனவே ஹூக்கை மாற்றுவதே தீர்வானது. ஒரு பதிவின் நிலை வரைவிலிருந்து வெளியீட்டுக்கு மாறும் அந்த ஒரு தருணத்தைப் பிடிக்க ‘டிரான்சிஷன் போஸ்ட் ஸ்டேட்டஸ்’ என்ற வேறோர் ஆக்‌ஷன் உண்டு. பழைய நிலை, புதிய நிலை இரண்டையும் அது கையில் தரும். பழையது ‘வெளியிடப்பட்டது’ அல்லாததாகவும் புதியது ‘வெளியிடப்பட்டது’ ஆகவும் இருந்தால் மட்டும் குறுஞ்செய்தி அனுப்பு என்று எழுதிவிட்டால் ஏலத்துக்கு ஒரு செய்திதான் போகும். ஹூக்கின் பெயரைப் பார்த்து அது எப்போது ஓடும் என்று ஊகித்துக்கொள்ளலாகாது, மென்பொருளின் மூலநிரலைத் திறந்து டூ ஆக்‌ஷன் எழுதப்பட்ட வரியைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது இத்தகைய நிகழ்வுகளால் அலுவலகங்களில் நிலைபெற்ற முறை.

தமிழில் தளம் நடத்துவோருக்கென்றே அமைந்த தொல்லை ஒன்றும் உண்டு, அதைத் தீர்த்ததும் ஹூக்கே. கட்டுரைத் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இணைய முகவரியைத் தானே ஆக்கிக்கொள்ளும்; தலைப்பு தமிழில் இருந்தால் ஒவ்வொரு குறியையும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய எண்ணெழுத்துகளாக மாற்றிவைக்கும். ஒருங்குறியில் தமிழின் ஒரு குறி மூன்று பைட். ஒரு பைட்டை அவ்வாறு எழுத மூன்று இடம். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம் போகும். மெய்யும் புள்ளியும் தனித்தனிக் குறி, உயிர்மெய்யில் அகரமேறிய எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனிக் குறி. அக்கணக்கில் ‘பொள்ளாச்சி’ 10 குறி, 90 இடம். ‘கோயம்புத்தூர்’ 13 குறி, 117 இடம். நடுவில் ஒரு சிறுகோடு. கூட்டினால் 208. முகவரிக்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கப்பட்டிருப்பதோ 200 இடம். பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து சேர்வதற்குள் முகவரி அறுந்துபோகும் என்று அலுவலகங்களில் சிரித்துக்கொண்டதுண்டு. தலைப்பை முகவரியாக்கும் கட்டத்தில் இருக்கும் ‘சானிடைஸ் டைட்டில்’ என்ற ஃபில்டரில், தமிழ் எழுத்துகளை ரோமன் எழுத்துகளாக மாற்றித் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை, வேர்ட்பிரஸ்ஸின் சொந்த மாற்றம் ஓடும் முன் ஓடுமாறு 10ஐ விடச் சிறிய எண்ணில் மாட்டினால் தொல்லை தீர்ந்தது. கட்டுரைச் சுருக்கத்திலும் இவ்வாறே: வேர்ட்பிரஸ் முதல் 55 சொற்களைச் சுருக்கமாக எடுக்கும், வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களில் 55 என்பது கைப்பேசித் திரையை நிறைத்துவிடும். அதைக் குறைக்க ஒரு ஃபில்டரும் அதற்குள் ஓர் எண்ணும் போதும். தமிழைக் கனவிலும் கருதாதவர்கள் எழுதிய மென்பொருள் தமிழுக்குப் பொருந்தியது, அவர்கள் மற்றவருக்கும் இடம் விட்டு எழுதியதால்தான்.

இடம் விடாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. பில் புத்தகத்தின் உச்சியில் பிள்ளையார் சுழியும், அதன்கீழ் ‘மருதமலை முருகன் துணை’ போன்ற ஒரு வரியும் இல்லாமல் பல கொங்கு வணிகர்கள் கணக்கைத் தொடங்குவதில்லை. தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் எல்லாவற்றுக்கும் மேலே அது இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை. ‘டபிள்யூபி ஹெட்’ இதற்கு உதவாது. அது உலாவிக்கு மட்டும் தெரியும் தலைப்பகுதி, கண்ணுக்குத் தெரியும் உடல் அதன்பிறகே தொடங்குகிறது. உடல் தொடங்கியவுடன் நிற்கும் ஹூக் ஒன்றும் பல்லாண்டுகளாக வேர்ட்பிரஸ்ஸில் இல்லை. ஆகவே முருகன் துணைக்காகத் தீமின் தலைக் கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது, தீமைப் புதுப்பித்தபோதெல்லாம் முருகன் மறைந்தார், முதலாளி அலைபேசியில் அழைத்தார். மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் படியும் ‘சைல்ட் தீம்’ முறை இதற்கு ஓரளவு மாற்றாயிற்று. 2019 மே மாதத்தில் வந்த 5.2 பதிப்பில்தான் ‘டபிள்யூபி பாடி ஓப்பன்’ என்ற ஹூக் சேர்ந்தது. உலகின் பிற இடங்களில் கூகுளின் கண்காணிப்பு நிரலை ஒட்டுவதற்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோவையில் அதனால் முதலில் பயன்பெற்றவர்களுள் பிள்ளையாரும் இருந்தார். ஹூக் தரும் சுதந்திரம் மென்பொருளை ஆக்கியவர் விட்டுவைத்த இடங்களின் அளவே என்பதை மறந்து அதை எல்லையற்றதாகப் புகழ்வோர் இந்த வரலாற்றை நினைவிற்கொள்ளலாம்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது ஹூக்கின் பயன் ஒரே வாரத்தில் பலருக்கு விளங்கிற்று. வாங்குபவர் வணிகராயின் அவருடைய 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஆர்டரில் பெற வேண்டும். அவ்வெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. பொள்ளாச்சிக்காரர் வாங்கினால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பாலக்காட்டுக்காரர் வாங்கினால் ஒருங்கிணைந்த வரி. ஆடைக்கு உருப்படி ஒன்று 1,000 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்குமேல் 12 விழுக்காடு என்பது அன்றைய விகிதம். வூகாமர்ஸின் பணம் செலுத்தும் பக்கத்தில் எண்ணைக் கேட்கும் கட்டத்தை ஓர் ஆக்‌ஷனில் சேர்த்து, ஆர்டர் பதிவாகுமுன் அதன் இலக்கங்களைச் சரிபார்ப்பதை இன்னோர் ஆக்‌ஷனில் வைத்து, ஆர்டரோடு அதைச் சேமிப்பதை மூன்றாவதில் வைத்து, சென்னிமலை பெட்ஷீட் விற்பவர் முதல் திருப்பூர் பனியன் விற்பவர் வரை ஒரே சிறு பிளகினை மாட்டிக்கொடுக்க முடிந்தது. மூலக் கோப்பைத் திருத்தும் பழக்கத்திலேயே இருந்த தளங்கள் அவ்வாண்டு தீபாவளி வரை பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தன.

அச்சிறு பிளகினை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. தீமுக்குள் இருக்கும் ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பில் நாலு வரி எழுதிவிடுவது சுலபம். சந்தையில் பெரும்பாலோர் செய்வதும் அதுவே. தோற்றத்தைப் பற்றிய வேலைக்கு அது பொருந்தும். ஜி.எஸ்.டி. எண்ணும் மஞ்சள் குறுஞ்செய்தியும் தோற்றமன்று, தொழில். முதலாளி தீபாவளிக்குப் புதுத் தீம் மாற்றிக்கொள்ளும்போது அவையும் கூடவே போய்விடக் கூடாது. தனிப் பிளகினாக எழுதி, நிர்வாகப் பக்கத்திலிருந்து எவரும் தவறி அணைத்துவிட முடியாத ‘மஸ்ட் யூஸ்’ அடைவில் வைப்பதே முறை என்பது இக்கட்டுரையாளர் பணியாற்றிய இடங்களில் மெல்ல மெல்ல ஏற்பட்ட உடன்பாடு. ஒரே ஹூக்கில் பத்துப் பிளகின்கள் தொங்கி, எது எதற்குப்பின் ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாமல், பக்கம் திறக்கத் தேநீர் குடித்துவரும் நேரம் ஆகும் தளங்களும் பெருகின. மாட்டுவது எளிது என்பதனாலேயே வந்த கேடு அது.

2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த குட்டன்பெர்க் தொகுப்பியும், அதன்பின் வந்த பிளாக் தீம்களும் பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் புது முறையைக் கொண்டுவந்தன. தலைக் கோப்பு, அடிக் கோப்பு என்ற பழைய அமைப்பே அவற்றில் இல்லை, பழைய தீம்களில் தொங்கிய ஹூக்குகள் சில அவற்றில் நிற்கவும் இல்லை. ஆயினும் ‘இனிட்’, ‘சேவ் போஸ்ட்’, ‘டபிள்யூபி ஃபுட்டர்’ ஆகியவை இன்றும் ஓடுகின்றன. 2004இல் எழுதிய ஆட் ஆக்‌ஷன் வரி இன்றைய பதிப்பிலும் அதே வடிவில் செல்லும். 2016 டிசம்பரில் 4.7 பதிப்பில் ஹூக்கின் உள்ளமைப்பை முழுதும் மாற்றி எழுதியபோதுகூட வெளியிலிருந்து எழுதும் வரிக்கு மாற்றம் வரவில்லை.

தளம் வைத்திருக்கும் கொங்கு நாட்டுத் தொழில்முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். செய்து தந்தவருக்கு மீதித் தொகையைக் கொடுக்கும் முன், மூலக் கோப்பு எதிலாவது கை வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிடுவது நல்லது. இல்லை என்றால், உங்களுக்கென்று அவர் எழுதிய சிறு பிளகின் கோப்பை, எந்த ஹூக்கில் எந்த எண்ணில் என்ன வேலை மாட்டப்பட்டிருக்கிறது என்ற குறிப்பைத் தமிழிலேயே அதனுள் எழுதச் சொல்லி, ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். பையன் வேலை மாறிப் பெங்களூருக்குப் போய்விடுவான். அந்தக் கோப்பு உங்கள் கையில் இருந்தால் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.